எண்பதாம் வயதில் ஒரு பிறப்புப் பத்திரம்

தாத்தாவுக்கு எண்பது முடிகிறது என்று முதலில் சொன்னது சித்திதான். சொன்ன விதத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

"எண்பது ஆவுதாம். ஒண்ணும் செய்யலியான்னு ஊர்ல கேக்குறாங்க. செஞ்சுத் தொலைக்கணும்" என்றாள் போனில்.

தாத்தா என் அப்பாவின் அப்பா. அப்பா இறந்த பிறகு நெடுங்காட்டில் சித்தப்பா வீட்டில்தான் இருக்கிறார். நான் கோட்டுச்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. காரைக்கால் டவுனில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். வந்து பார்க்கிறவளுக்கும் வைத்துப் பார்க்கிறவளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சித்தி எனக்கு ஞாபகப்படுத்தாத ஞாயிறு கிடையாது. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவருடைய துணிகளை அலசுவது அவள்தான்.

ஜோடியாக இருந்திருந்தால் திருக்கடையூரில் அபிஷேகம் செய்திருப்பார்கள். பாட்டி போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதனால் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சிவன் கோயிலில் ஒரு அர்ச்சனை, மத்தியானம் பாயசத்தோடு சாப்பாடு என்று முடிவானது. என்ன பரிசு கொடுப்பது என்பது என் கவலை.

சால்வை வேண்டாம். கல்யாணங்களில் போர்த்திய ஐந்து சால்வைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அவர் பெட்டியில் கிடக்கின்றன. பெரிய பித்தான் வைத்த போன் ஒன்றை அப்பா இருந்தபோதே வாங்கித் தந்திருந்தார். அதைத் தாத்தா டார்ச் லைட்டாக மட்டுமே உபயோகிக்கிறார். சாய்வு நாற்காலி வாங்கலாமா என்று சித்தியிடம் கேட்டேன்.

"அத வேற போட எடம் எங்க இருக்கு? டயாப்பர் பாக்கெட் பெருசா ஒண்ணு வாங்கிக் குடு. அதுதான் பிரயோஜனம்."

அவரிடமே கேட்டேன். "எனக்கு என்னம்மா வேணும்? எந்திரிக்கறப்ப காலு நிக்கணும். அத வாங்கித் தருவியா?" என்று சிரித்தார்.

பரிசு என்னவென்பது அர்ச்சனையால் தெரிந்தது. அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். தாத்தாவின் ஆதார் அட்டையில் ஜனவரி ஒன்று என்று இருக்கிறது. அந்தத் தெருவில் பாதிக் கிழவர்கள் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்தான். "நீங்க எப்பதான் பொறந்தீங்கப்பா?" என்று சித்தப்பா சலித்துக்கொண்டார்.

"மேரியில இருக்கும், போயிப் பாரு" என்றார் தாத்தா. நகராட்சியை அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். "பிரெஞ்சுக்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பான். எங்கப்பா நடந்தே போயிப் பதிஞ்சிட்டு வந்தாராம்."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். பிறப்பு, இறப்பு பதிவு செய்யும் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை போனபோது அங்கிருந்த அம்மா கனத்த புத்தகம் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இதுதானா பாருங்க டீச்சர்" என்றார். சாய்வான எழுத்தில், பழுப்பு மையில், ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. அதில் என்னால் படிக்க முடிந்தவை பெயர்கள் மட்டுமே. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர். தாத்தா நடக்கப் பழகும் முன்பே இறந்துபோன அவருடைய அம்மா. போட்டோ இல்லை, அவளைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவள் பெயர் இந்தப் பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது என்று தோன்றியது. பரிசு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கும் சொல்தா வீட்டுக்குப் போனேன். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து வரும் பென்ஷனில் வாழ்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். இன்ன ஊரில், இன்ன தெருவில், விடியற்காலை நான்கு மணிக்கு ஆண் குழந்தை. தகப்பன் விவசாயக் கூலி. சாட்சிகள் இருவர். தகப்பனுக்கு எழுதத் தெரியாததால் கையெழுத்திடவில்லை.

"மணியெல்லாம் போட்டிருக்காங்களே" என்றேன்.

"போடுவான். அவனுக்கு எல்லாத்துக்கும் கணக்கு வேணும்" என்றவர், காகிதத்தைத் திருப்பித் தரும்போது, "இவரு ஒப்சியோன் எழுதலையாம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத் தவணைக்குள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்று இருந்ததாம். பதினெட்டு வயது நிறைந்திருந்தால் போதும். "உங்க தாத்தாவுக்கு அப்ப பத்தொம்பது இருக்குமே. போட்டிருந்தா நீங்கள்லாம் இன்னிக்குப் பாரீஸ்ல இருப்பீங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிளஸ் டூ படிக்கும் என் மகனை நினைத்தேன். பனியும் கோட்டும் ரயிலும் நினைத்தேன். வீட்டு வாசல் வருவதற்குள் அந்த நினைப்பை உதறிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டேன். அதன் கீழே தமிழிலும் அச்சடித்து ஒட்டினேன்.

விழாவன்று தாத்தா புது வேட்டி கட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் ஆறாவது, ஏழாவது, எட்டாவது சால்வையைப் போர்த்தினார்கள். நான் சட்டத்தை அவர் மடியில் வைத்து, காதருகில் குனிந்து உரக்கப் படித்தேன். நான்கு மணி என்றதும் தலையை நிமிர்த்தினார்.

"விடியக்காலமா? பகல்லன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அடுத்த வரியில் அவர் அம்மாவின் பெயர் வந்தது. படித்தேன். அவர் சட்டத்தின் மேல் குனிந்தார். "எங்க இருக்கு?" என்றார். அவர் விரலைப் பிடித்துக் கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் வைத்தேன். எழுத்துத் தெரியாத விரல் அந்த ஒரு சொல்லின் மேல் போய்ப் போய் வந்தது. "இன்னொரு தடவ படிம்மா" என்றார். படித்தேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவியிடம், "எங்கம்மா பேரு. எழுதிருக்கான் பாரு" என்றார்.

ஒரு கால்மணி நேரம் இருக்கும். அந்தக் கால்மணி நேரத்துக்கு நான் கொடுத்தது சரியான பரிசு.

பிறகு சித்தப்பா மகன் வந்தான். டிப்ளமோ முடித்தவன், இருபத்தாறு வயது. ஒப்பந்த வேலை, ஆறு மாதம் இருக்கும், ஆறு மாதம் இருக்காது. "அக்கா, இது ஒரிஜினல் பிரெஞ்சு பேப்பரா?" என்று சட்டத்தைக் கையில் எடுத்தான். போனில் படம் பிடித்து, புதுச்சேரியில் இந்த மாதிரிக் காகித வேலைகளைச் செய்து கொடுக்கும் யாருக்கோ அனுப்பினான். முதல் பந்தி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி அதைப் போட்டான். ஒரு ஆண் குரல்: "பேப்பர் நல்லாருக்கு தம்பி. தாத்தா ஒப்சியோன் போட்டிருக்காரா, கேட்டுச் சொல்லு. போட்டிருந்தா உங்க வீட்டுல எல்லாருக்குமே வழி இருக்கு."

அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு இருக்கிறது. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும். அந்த வீட்டுக் கிழவரும் தாத்தாவும் ஒன்றாக நாற்று பறித்தவர்கள். அவர் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்து கோயில் வாசலில் நின்று பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். சித்தப்பா மகன் தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறான்.

"தாத்தா, அப்ப கையெழுத்துப் போடச் சொன்னாங்களாமே, போட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டான்.

தாத்தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரிடம் யாரும் எதையும் கேட்டே நாளாகிவிட்டது. "அதுவா! அவன் வந்து கூப்புட்டான்ல" என்று மாடி வீட்டுப் பக்கம் கை காட்டினார். "வாடா டவுனுக்குப் போவோம், ஒரு கையெழுத்துத்தான், தெரியலன்னா கைநாட்டு வைக்கலாம்னான். நானும் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். அன்னிக்குன்னு பாத்து வாய்க்கால்ல நம்ம மொறத் தண்ணி. கடமடையில மொற தவறினா அடுத்த தண்ணிக்குப் பத்து நாளு. நட்ட பயிரு என்னாவுறது? நீ போடான்னுட்டு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வயலுக்குப் போயிட்டேன்." அவர் சிரித்தார். எண்பது வருஷத்தில் நடந்த வேடிக்கைகளில் ஒன்றாகத்தான் அதைச் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தார். இலையை மடிக்காமலே எழுந்தார். "ஒரு நாளு" என்றார். "ஒரே ஒரு நாளுப்பா. மூணு மா நெலத்துத் தண்ணிக்காக..." அந்த மூன்று மா, ஒரு ஏக்கர் நிலத்தில்தான் அவரும் நாற்பது வருஷமாகத் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்.

"எல்லாரையும் சேத்துல அழுத்திட்டீங்களே தாத்தா" என்றான் சித்தப்பா மகன். அவன் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

தாத்தாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "அப்ப யாரும் சொல்லலியேப்பா, இப்புடின்னு" என்றார். சித்தி அவருக்குப் பாயசம் கொண்டுவந்து வைத்தாள். அது அப்படியே ஆடை கட்டியது.

அதன் பிறகு அந்த வீட்டில் அவர் எண்பது வயதுக் கிழவர் இல்லை, குற்றவாளி. சித்தப்பா அவரோடு பேசுவதை விட்டார். கேஸ் தீர்ந்தால், மின்சாரம் போனால், மகனுக்கு ஒப்பந்தம் முடிந்தால், எல்லாவற்றுக்கும் பார்வை அவர் பக்கம் போனது. சித்தி, "பிரெஞ்சுக்காரரே, சாப்புட வாங்க" என்று கூப்பிடுவாள். முதல் ஞாயிறு அதைக் கேட்டு நான் கோபப்பட்டேன். "நீதானே காயிதத்தக் கொண்டாந்து படிச்ச?" என்றாள்.

கண்ணாடிச் சட்டம் சுவரில் இல்லை. புதுச்சேரி ஆளிடம் காட்ட எடுத்துப் போன சித்தப்பா மகன் திருப்பிக் கொண்டுவரவில்லை. வேறு வழி ஏதாவது இருக்கும் என்று நான்கைந்து தடவை போய் வந்தான். வழி இல்லை என்று தெரிந்த நாளில் சட்டத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டானாம். தாத்தா என்னிடம், "அதுல எங்கம்மா பேரு இருந்துச்சே" என்றார். என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அவருக்கு அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் குடேன்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று அந்தக் காகிதத்தில் இருந்ததைக் கேட்டு மனசில் பட்டிருக்கும், அதனால்தான் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். அவ்வளவும் நடந்த பிறகு என் பரிசிலிருந்து ஒரு நல்லது முளைப்பதாக எண்ணிக்கொண்டேன். பள்ளியிலிருந்து நான்கு கோடு நோட்டு ஒன்றும் தடிமனான பென்சிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பெயரில் நான்கே எழுத்து. ஒவ்வொரு ஞாயிறும் கையைப் பிடித்து எழுத வைத்தேன். கொம்பு மட்டும் வரவில்லை, கவிழ்ந்து கவிழ்ந்து போனது. வாரம் முழுக்க எழுதி நோட்டை நிரப்பி வைத்திருப்பார். "தாத்தா ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டாரு" என்று என் பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். நான்காவது மாதம் பார்க்காமலே எழுதினார்.

அடுத்த வாரம், ஒரு வேலை நாள் காலை, வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. பதிவு அலுவலகத்து அம்மா. என் மனுவில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்.

"டீச்சர், உங்க தாத்தா இங்க வந்திருக்காரு. தனியா வந்திருக்காரு. கொஞ்சம் வர்றீங்களா?"

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறந்த நாளுக்கு எடுத்த வேட்டி, சட்டையில் மேல் பித்தான் வரை போட்டிருந்தார். மடியில் மஞ்சள் பை. நெடுங்காட்டிலிருந்து பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கையெழுத்த இப்பப் போட்டுர்றேங்குறாரு. அப்ப தண்ணி மொற, அதான் வரமுடியல, இப்ப வந்துட்டேன், எங்க போடணும் காட்டுங்கன்னு கேக்குறாரு. அது முடிஞ்சுபோய் ரொம்ப காலமாச்சுங்க ஐயான்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குறாரு."

ஒரு தாளில் போட்டும் காட்டியிருக்கிறார். மேசை மேல் இருந்தது. நான்கு எழுத்தும் சரியாக இருந்தன. கொம்பு உட்பட.

"சொல்லும்மா அவங்ககிட்ட" என்றார் என்னைப் பார்த்ததும். "நீதான் டீச்சராச்சே. கைநாட்டு வேணாம், கையெழுத்தாவே போடறேன்னு சொல்லு. பசங்களுக்கு ஆவட்டும்."

எப்படி எழுப்பிக் கூட்டி வந்தேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்றுதான் இதைப் படிப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை. அன்றைக்குப் பாதி நாள் லீவு போயிருந்தது. முந்தின வாரம்தான் என் மகனின் மதிப்பெண் வந்து, கேட்ட கல்லூரி கிடைக்காது என்று தெரிந்திருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் உதறிவிட்டதாக நான் நினைத்த அந்தப் பனியும் கோட்டும் எங்கேயும் போயிருக்கவில்லை. பஸ் டவுனைத் தாண்டியதும் வாய் திறந்து கேட்டேன்.

"தண்ணி மொற அன்னிக்கு ஒரு நாளுதானே தாத்தா. அடுத்த நாளாவது போயிருக்கலாம்ல? அவ்வளவு நாள் தவண இருந்துச்சாமே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சித்தப்பாவும் அவர் மகனும் கேட்டபோது இருந்த பார்வை இல்லை. பிறகு வெளியே திரும்பிக்கொண்டார். பையைத் தூக்கி இன்னும் ஒட்டி மடியில் வைத்துக்கொண்டார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் என் பக்கம் பார்க்காமல், "எறங்கலாங்களா?" என்றார்.

பஸ்ஸின் சத்தத்தில் அந்த 'ங்க' காதில் தப்பாக விழுந்தது என்று நினைத்தேன்.

சித்தப்பா மகன் இப்போது வளைகுடாவில் வெல்டிங் வேலையில் இருக்கிறான். கிளம்பும்போது தாத்தாவின் காலில் விழவில்லை. அவர் திருநீற்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எண்பத்தொன்று வந்ததும் போனதும் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டு என்னவானது என்று கேட்டதற்கு, சித்தி அடுப்பு பற்ற வைக்கக் கிழித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சித்தியிடம், "ஏண்டி, தண்ணி குடு" என்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை "வாடா, போடா" என்கிறார். மாதம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸிடம் பேசுவது போல என்னிடம் பேசுகிறார்.

"வாங்க. உக்காருங்க. புள்ளைங்க சௌக்கியங்களா?"

என்னிடம் அப்படி 'வாங்க, போங்க' போட்டுப் பேசாதீர்கள் தாத்தா என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க" என்றார்.